சருகும் சாலையும்

மன்ற மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் செயலாளர் கேட்டபோது, "எதைப்பற்றி எழுதட்டும்?" என்றேன். "உனக்கு நன்றாகத் தெரிந்ததைப்பற்றி எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குறளைப்பற்றியும் சிலம்பைப்பற்றியும் எழுத வல்ல நண்பர்கள் நம் மன்றத்தில் பலர் இருக்கின்றனர். எனக்கு நன்றாகத் தெரிந்தவை எங்கள் ஊர்த் தெருவும் அதில் விழும் சருகுந்தாம். ஆகவே அவற்றைப்பற்றியே எழுதத் துணிந்தேன். சிரிக்க வேண்டா, நண்பர்களே! ஒரு தெரு ஏன் கெடுகிறது, அதைக் காப்பவர் யார் என்று கேட்டுப் பார்த்தால் நாட்டாட்சியின் பாதி நமக்கு விளங்கிவிடும்.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே உள்ள எல்லைப்புறச் சிற்றூர்களுள் ஒன்று. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இரண்டும், அலுவலகத்தில் மலையாளம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். பேருந்தில் சிறிது தொலைவு சென்றால் களியக்காவிளை, அங்கிருந்து தமிழ்நாடு. மழைக்கும் சருகுக்கும் மட்டும் இந்த எல்லை தெரியாது.

ஒரு கதை

கரியிலையும் மண்ணாங்கட்டியும் காசிக்குப் போன கதையைக் கேரளத்துப் பிள்ளைகள் எல்லாரும் அறிவர். எங்கள் பாட்டி அதைத் தமிழில் சொல்லுவாள். கரியிலை என்றால் சருகு. வழியில் மழை வந்தால் சருகு மண்ணாங்கட்டியின்மேல் கவிந்து அதைக் காக்கும். காற்று வந்தால் மண்ணாங்கட்டி சருகின்மேல் ஏறி அமர்ந்து அதைக் காக்கும். ஒரு நாள் மழையும் காற்றும் சேர்ந்து வந்தன. சருகு பறந்தது, மண் கரைந்தது. கதை முடிந்தது.

நட்பின் பெருமையைச் சொல்லும் கதை என்றே சிறுவயதில் எண்ணியிருந்தேன். பிறகுதான் அது எங்கள் தெருவின் கதை என்று தெரிந்தது. எங்கள் தெருவில் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே சருகு பறந்து போவதில்லை. ஓடையின் வாயில் போய் அடைந்துகொள்கிறது. அதனால் மண் கரைகிறது.

இரு மழையும் இலையுதிர்வும்

ஆங்கிலப் பாடநூல்களில் இலையுதிர் காலம் என்று ஒரு பருவத்தைப் படித்திருக்கிறோம். குளிர் நாடுகளில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மரங்கள் பொன்னிறமாகி, சில வாரங்களில் இலை முழுவதையும் உதிர்த்துவிடும். அந்தப் பருவம் நமக்கு இல்லை. அதனால் நம் நாட்டில் இலையே உதிர்வதில்லை என்று நினைக்கலாமா?

எங்கள் பக்கத்தில் ரப்பர் மரம் டிசம்பர் தொடங்கி பிப்ரவரிக்குள் இலை உதிர்க்கும். வெள்ளறடைப் பக்கத்து மேட்டு நிலங்களில் அந்நாள்களில் நடந்தால் காலடியில் சரசரவென்று ஓசை எழும். தேக்கு கோடையில் மொட்டையாக நிற்கும். அதன் இலை ஒன்று விழுந்தாலும் போதும். ஒரு சிறிய குழாயின் வாயை அது மூடிவிடும். பலாவும் அயனியும் மாவும் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக உதிர்ப்பவை. தென்னையோ ஓலையாகவே போடும்.

இவற்றோடு முடிந்துவிடுவதில்லை. மழைக்காலத்தில் ரப்பருக்கு இன்னோர் உதிர்வு உண்டு. பைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிர் ஈரத்தில் பெருகி இலைக்காம்பைத் தாக்கும். பச்சை இலைகளே காம்போடு கொட்டும். சூன், சூலை மாதங்களில், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே, இந்தப் பச்சைச் சருகு தெருவுக்கு வந்து சேரும். இதைத் தடுக்கத்தான் தோட்டக்காரர்கள் மழைக்கு முன்னரே செம்பு கலந்த மருந்தைத் தெளிக்கின்றனர்.

மழையும் எங்களுக்கு இரண்டு. தென்மேற்குப் பருவமழை வழக்கமாகச் சூன் முதல் நாளை ஒட்டித் தொடங்கும். இடவப்பாதி என்று ஊரார் சொல்வது இதைத்தான். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில், இடியோடு, பெரும்பாலும் பிற்பகலில் கொட்டும், அது துலாவர்ஷம். தை மாதம் முதல் வைகாசி வரை தெருவில் சேர்ந்த சருகு முழுவதையும் இடவப்பாதியின் முதல் மழை ஒரே மணி நேரத்தில் வாரிக்கொண்டு ஓடைக்குள் இறங்குகிறது. ஐந்து மாதச் சருகு, ஒரு மணி நேரம். இந்தக் கணக்கு விளங்கினால் மற்றவை தாமே விளங்கும்.

சாலை எப்படிக் கெடுகிறது?

வண்டிகள் ஓடி ஓடித்தான் சாலை கெடுகிறது என்று நாம் எண்ணுகிறோம். வண்டி ஒரு காரணந்தான். அதனினும் பெரிய பகை தண்ணீர்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்து நாட்டு மக்காடம் என்பவர் சாலைபோடும் முறையையே மாற்றினார். அவர் பெயரால்தான் இன்றும் கல் பரப்பிய சாலையை மக்காடம் சாலை என்கிறோம். அவர் கண்ட உண்மை மிக எளியது. வண்டியின் சுமையைத் தாங்குவது மேலே உள்ள கல் அன்று; அடியில் உள்ள மண். மண் உலர்ந்திருக்கும்வரை எந்தச் சுமையையும் தாங்கும். மேலே உள்ள கற்பரப்பு, மண்ணை நனையாமல் காக்கும் கூரை.

ஆகவேதான் சாலையின் நடுப்பகுதியைச் சற்று உயர்த்தியும் இரு ஓரங்களையும் தாழ்த்தியும் போடுகின்றனர். மழை மிகுந்த இடங்களில் தார்ச்சாலைக்கு 40 அங்குலத்துக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் சரிவு வைப்பது வழக்கம். பெய்த நீர் ஓரத்துக்கு ஓடவேண்டும். ஓரத்திலிருந்து ஓடைக்குப் போகவேண்டும். ஓடையிலிருந்து கலுங்கு வழியாகக் குளத்துக்கோ ஆற்றுக்கோ சேரவேண்டும். கலுங்கு என்று நாங்கள் சொல்வது, சாலைக்கு அடியில் நீர் போகக் கட்டும் சிறு பாலத்தை.

இப்போது சருகு என்ன செய்கிறது என்று பாருங்கள். முதலில் அது சாலையோரத்தில் படிந்து, மண்ணோடு சேர்ந்து, விரலளவு உயரத்தில் ஒரு வரப்பைக் கட்டுகிறது. நீர் ஓடைக்குள் இறங்க முடியாமல் சாலையின் ஓரமாகவே ஓடுகிறது. அடுத்து, ஓடைக்குள் போன சருகு கலுங்கின் வாயை அடைகிறது. தனிச் சருகாக இருந்தால் வெள்ளத்தின் விசையில் ஒருவேளை அகன்றுவிடும். அல்லது நாளடைவில் மக்கிவிடும். அதனோடு ஒரு பிளாஸ்டிக் பையும் சேர்ந்தால் புட்டிக்கு இட்ட தக்கையாக இறுகிவிடுகிறது. தமிழ்நாடு 2019 சனவரி முதலும் கேரளம் 2020 சனவரி முதலும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தடை செய்தன. ஆனாலும் ஓடைக்குள் கை விட்டுப் பார்த்தவர்களுக்கு அது இன்னும் ஒழியவில்லை என்பது தெரியும்.

நீர் தேங்கினால் தார் கல்லைவிட்டுப் பிரிகிறது. சிறு வெடிப்பு வழியே நீர் உள்ளே இறங்கி, அடிமண்ணைச் சேறாக்குகிறது. அதன்மேல் லாரிச் சக்கரம் ஏறும்போது சேறு பீச்சி வெளியே வருகிறது. உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. மேலே உள்ள தார் அமிழ்ந்து குழியாகிறது. குழியில் மறுபடியும் நீர் நிற்கிறது. எங்கள் ஊரைப் போன்ற செம்மண் மேடுகளில் ஓரத்து மண் அரித்துப் போவதும் சேர்ந்துகொள்ளும். பெரும்பாலான சாலைகள் ஓரத்திலிருந்துதான் சாகத் தொடங்குகின்றன. நாம் நடுவில் குழி விழுந்த பிறகே திரும்பிப் பார்க்கிறோம்.

யாருடைய சாலை?

சாலை கெட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? இதை அறியாமலே நம்மில் பலர் பட்டம் வாங்கிவிடுகிறோம்.

நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை வழியாக நாகர்கோவிலுக்குச் செல்லும் பெருஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை. முன்பு 47 என்று எண்ணிட்டிருந்தனர், இப்போது 66. அதற்குப் பொறுப்பு நடுவணரசு. அதிலிருந்து கிளைத்து ஊர்களை இணைக்கும் முதன்மைச் சாலைகள் கேரளத்தில் பொதுப்பணித்துறையைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைத்துறையைச் சேர்ந்தவை. அவற்றிலிருந்து பிரியும் தெருக்களும் சந்துகளும் ஊரில் பஞ்சாயத்துக்கும் நகரில் நகராட்சிக்கும் உரியவை. கேரளத்தில் 1994-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்து ராஜ் சட்டமும் நகராட்சிச் சட்டமும், தமிழ்நாட்டில் அதே ஆண்டின் ஊராட்சிகள் சட்டமும் இப்பொறுப்பை உள்ளாட்சிகளுக்கு அளித்துள்ளன.

பொதுப்பணித்துறைச் சாலைகளில் ஒரு நல்ல மாற்றம் வந்துள்ளது. 2021-க்குப் பிறகு கேரளத்தில் பல சாலைகளை ஓராண்டுப் பராமரிப்புக்கு ஒப்பந்தம் விடுகின்றனர். குழி விழுந்த பிறகு மதிப்பீடு போட்டு, ஆணை பெற்று, ஆள் தேடிக்கொண்டிராமல், உடனே அடைப்பதற்காக இந்த ஏற்பாடு. சாலையோரத்துப் பலகையில் ஒப்பந்தக்காரர் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதியிருக்கும். ஊருக்குப் போகும்போது அப்பலகையை நின்று படித்துப் பாருங்கள். அது பொதுமக்களுக்காக எழுதி வைத்தது, நாமும் பொதுமக்களே.

இத்தனை ஏற்பாடு இருந்தும் ஓரிடம் விட்டுப்போகிறது. பஞ்சாயத்துத் தெரு பெருஞ்சாலையோடு சேரும் முனை இருக்கிறதே, அங்கேதான் பெரும்பாலும் கலுங்கு இருக்கும். தெருவின் ஓடை ஒருவருடையது, கலுங்கு வேறொருவருடையது. சருகு அடைவது இரண்டும் சேருமிடத்தில்.

வாரியல் யார் கையில்?

நெய்யாற்றின்கரை போன்ற நகரில் சந்தையும் பேருந்து நிலையமும் கடைத்தெருவும் விடியுமுன்னரே பெருக்கப்படுகின்றன. அதற்கென்று நகராட்சித் தொழிலாளர் உளர். சிற்றூரின் உட்தெருக்களில் அப்படி யாரும் இல்லை. தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் உளர். கேரளத்தில் ஹரித கர்ம சேனை உண்டு. இது குடும்பஸ்ரீ என்னும் மகளிர் இயக்கத்துப் பெண்களைக் கொண்டு அமைந்தது. குடும்பஸ்ரீ 1998-இல் தொடங்கியது. ஹரித கேரளம் திட்டம் 2016 டிசம்பரில் வந்தது. அதன் பின்னரே இச்சேனை ஊர்தோறும் பரவியது. பச்சைச் சீருடை அணிந்த பெண்கள் வீடுவீடாக வந்து பிளாஸ்டிக் முதலிய மக்காத பொருள்களை வாங்கிச் செல்வர். ஊர்ப்புறத்தில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் அளவில் கட்டணம்.

அவர்கள் சருகை எடுப்பதில்லை. எடுக்கவேண்டும் என்று சொல்வதும் முறையன்று. மக்கும் குப்பையை அவரவர் வீட்டிலேயே உரமாக்க வேண்டும் என்பதே கேரளம் கொண்ட கொள்கை. வீட்டு முற்றத்துச் சருகுக்கு அது சரி. தெருவில் விழுந்த சருகு யார் வீட்டுச் சருகு?

எங்கள் தெருவில் இந்தக் கேள்வி நெடுநாள் எழவே இல்லை. எழாததற்குக் காரணம் எங்கள் பாட்டி. நாள்தோறும் விடியற்காலையில் ஈர்க்கு வாரியலை எடுத்துக்கொண்டு வெளியே வருவாள். எங்கள் வாசலைப் பெருக்கி, அடுத்த வீட்டு வாசலைப் பெருக்கி, தெரு முனைவரை போவாள். அங்கே கலுங்கின் வாயில் கிடப்பதை மண்வெட்டியால் ஒதுக்கிவிட்டுத் திரும்புவாள். "மக்களே, தண்ணி போக வழி விட்டாத்தான் ரோடு நிக்கும்" என்பாள். பாட்டிக்குப் பொழுதுபோகவில்லை என்று ஊரார் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு கார்த்திகை மாதத்தில் பாட்டி கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தாள். அந்த ஆண்டு தெருவை யாரும் பெருக்கவில்லை. பெருக்கவில்லை என்பதுகூட யாருக்கும் தோன்றவில்லை. தை போயிற்று, மாசி போயிற்று, சருகு மேலே மேலே சேர்ந்தது. இடவப்பாதி வந்தது. மூன்றாம் நாள் கலுங்கு அடைந்து, நீர் தெருவின்மேல் ஏறி ஓடியது. மூன்று வாரத்தில் ஓரம் முழுவதும் உடைந்து, செம்மண் தெரிந்தது. ஒரு விடியற்காலையில், நிரம்பிய நீருக்கு அடியில் குழி இருப்பது தெரியாமல் பால்காரர் மிதிவண்டியோடு விழுந்தார். கை முறிந்தது. இரண்டு மாதம் அவர் வீட்டில் வருவாய் இல்லை.

நான் விடுமுறைக்குப் போனபோது பாட்டி முதலில் கேட்டது, "மக்களே, கலுங்கைப் பாத்தியா?" என்பதுதான்.

பார்த்தேன். பிறகு அலுவலகங்களுக்குச் சென்றேன். ஓரிடத்தில், "தார் எங்களுடையது, ஓடை எங்களுடையது அன்று" என்றனர். இன்னோரிடத்தில், "ஓடை எங்களுடையதே, கலுங்கு எங்களுடையது அன்று" என்றனர். "சருகு?" என்று கேட்டேன். "அது மரத்துக்காரருடையது" என்றனர். மரத்துக்காரரோ, "மரத்தில் இருக்கும்வரை என்னுடையது, கீழே விழுந்தால் சர்க்காருடையது" என்றார். ஒவ்வொருவர் சொன்னதிலும் ஓரளவு உண்மை இருந்தது. அதனால்தான் வேலை நடக்கவில்லை. ஐந்தாறு பேர் பங்கிட்டுக்கொண்டு செய்யாமல் விட்டதை ஒரு கிழவி இத்தனை ஆண்டு கூலியின்றிச் செய்துவந்திருக்கிறாள் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

பிறநாட்டு வழக்கம்

வட அமெரிக்க நகரங்கள் பலவற்றில் சருகு வாருவது நகராட்சியின் ஆண்டுக் கடமைகளுள் ஒன்று. எந்தத் தெருவுக்கு எந்த வாரம் வண்டி வரும் என்று முன்கூட்டியே அறிவிக்கின்றனர். வீட்டார் தம் சருகைத் தெருவோரத்தில் குவித்தோ, காகிதப் பையில் இட்டோ வைக்கவேண்டும். சில ஊர்களில் உறிஞ்சும் குழாய் பொருத்திய வண்டி வந்து எடுத்துச் செல்கிறது. பிறகு அது உரமாகிறது.

விஸ்கான்சின் மாநிலத்தில் மாடிசன் என்றொரு நகரம் உண்டு. ஏரிகள் சூழ்ந்த ஊர். அங்கு அமெரிக்க அரசின் புவியியல் ஆய்வுத் துறை நடத்திய ஆய்வு ஒன்று 2016-இல் வெளியாயிற்று. தெருச் சருகை மழைக்கு முன் உடனுக்குடன் அகற்றியபோது, இலையுதிர் காலத்து மழைநீரோடு செல்லும் மொத்தப் பாஸ்பரஸ் நூற்றுக்கு 84 பங்கு குறைந்தது என்று கண்டனர். தேயிலையை வெந்நீரில் இட்டால் சாறு இறங்குவதைப் போல, நனைந்த சருகிலிருந்து உப்புகள் இறங்கி ஏரிக்குப் போகின்றன. ஏரியில் பாசி மண்டுகிறது. நம் குளங்கள் பச்சைப் பசேலென்று கிடப்பதற்குச் சாக்கடையோடு தெருச் சருகும் ஓரளவு காரணமாதல் கூடும்.

அந்த வண்டிகளை அப்படியே இங்கே கொண்டுவர இயலுமா? நம் சந்துகளில் அவை நுழையா. அவற்றை வாங்கும் பணமும் சிற்றூர்ப் பஞ்சாயத்துக்கு இல்லை. அங்கிருந்து நாம் கற்கவேண்டியது நாள் குறிக்கும் வழக்கம். மழை வருவதற்குமுன் எடுத்தால் அது சருகு. மழை வந்தபின் எடுத்தால் அது சேறு.

எரிக்கலாமா?

பலர் கண்ட எளிய வழி, கூட்டித் தீ வைப்பது. மாலை நேரத்தில் எங்கள் ஊரில் நடந்தால் அங்கங்கே புகை எழும். ஈரம் கலந்த சருகு எரிவதில்லை, புகைகிறது. அப்புகை குழந்தைகளையும் இழுப்பு நோயாளரையும் வருத்தும். நடுவில் கிடக்கும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து எரிந்தால் அது நஞ்சு.

2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்த வெளியில் குப்பை எரிப்பதை நாடெங்கும் தடை செய்தது. சிறு அளவில் எரித்தால் 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் ஈட்டுத்தொகை கட்டவேண்டும் என்று விதித்தது. தண்டனைக்கு அஞ்சி விடுவதைவிட, எரிப்பது உரம் என்று அறிந்து விடுவது நல்லது. சருகை எரிப்பவர் தம் தோட்டத்தின் விளைவையே எரிக்கிறார்.

சருகு போகவேண்டிய இடம்

"அடி காட்டில், நடு மாட்டில், நுனி வீட்டில்" என்பது உழவர் பழமொழி. பயிரின் தாள் நிலத்துக்கு, வைக்கோல் மாட்டுக்கு, தானியம் வீட்டுக்கு. எதுவும் வீணாவதில்லை. சருகுக்கும் அத்தகைய இடம் ஒன்று இருந்தது. மழைக்காலத் தொடக்கத்தில் தென்னையைச் சுற்றி வட்டமாகத் தடம் எடுத்து, அதில் தழையும் சருகும் சாணமும் இட்டு மண் மூடுவர். எங்கள் தாத்தா காலத்தில் தெருவில் கிடந்த சருகைப் போட்டி போட்டுக்கொண்டு அள்ளினார்களாம். மூட்டை உரம் வந்தது; மாடு குறைந்தது; விளை மனையாயிற்று. அள்ளுவோர் இல்லாமையால் சருகு குப்பையாயிற்று.

இன்று நகரங்களுக்கே சருகு தேவைப்படுகிறது என்பது பலர் அறியாத செய்தி. திருச்சூர் மாவட்டத்தில் தும்பூர்முழி என்னுமிடத்தில் உள்ள கால்நடைப் பண்ணையில் ஓர் உரமாக்கும் முறையை உருவாக்கினர். நாற்புறமும் காற்றுப் புகும் இடைவெளியுள்ள, நான்கடி நீள அகல உயரம் கொண்ட தொட்டி. அடியில் சாணம், அதன்மேல் சருகு, அதன்மேல் ஈரக்குப்பை, மீண்டும் சாணம் என்று அடுக்கடுக்காக இடவேண்டும். உள்ளே வெப்பம் 70 பாகை வரை ஏறும். ஏறத்தாழ 90 நாளில் உரமாகிவிடும். கிளறவும் வேண்டா, நாற்றமும் இல்லை. திருவனந்தபுரம் உட்படக் கேரளத்தின் பல ஊர்களில் இத்தொட்டிகளைக் காணலாம்.

சருகு எதற்கு? சமையற் குப்பையில் நைட்ரஜன் மிகுதி; சருகில் கார்பன் மிகுதி. நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும். சருகு இல்லாமல் ஈரக்குப்பையை மட்டும் இட்டால் அழுகி நாறும். நகரத்தில் ஈரக்குப்பை மிகுதி, சருகு குறைவு. சிற்றூரில் சருகு மிகுதி. இரண்டையும் சேர்ப்பதற்கு வேண்டுவது ஒரு வண்டியும், சிறிது திட்டமும். எல்லையோரம் என்றால் குப்பை கொட்டும் இடம் என்று எண்ணுவோர் உளர். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் குப்பை திருநெல்வேலி மாவட்டத்தில் கொட்டப்பட்டு, தீர்ப்பாயத்தின் ஆணையால் திரும்ப எடுத்துச் செல்லப்பட்டதை நாளிதழ்களில் படித்தோம். எல்லை கடந்து செல்லத் தக்க குப்பை ஒன்று உண்டென்றால் அது சருகுதான் என்பேன்.

நாள் பார்த்துச் செய்யும் வேலை

எங்கள் தெருவில் பிறகு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். தெருவில் 11 வீடுகள். முதல் ஞாயிற்றுக்கிழமை நான் வாரியலோடு இறங்கியபோது, "படிக்கிற பையன் வாரியல் பிடிக்கிறான் பாரு" என்று சிரித்தார்கள். ஆண்பிள்ளை தெருப் பெருக்குவது அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. பாட்டி திண்ணையில் சாய்ந்துகொண்டு, "அந்த ஓரத்த விட்டுட்டியே" என்று குறை சொன்னாள். இரண்டாம் ஞாயிறு பால்காரரின் மகன் மண்வெட்டியோடு வந்தான். அதன்பின் மற்றவர்களும் வந்தார்கள்.

ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம். தை முதல் வைகாசி வரை வாரம் ஒருமுறை அவரவர் வாசலை அவரவர் பெருக்குவது. மே மாதக் கடைசி இரு ஞாயிறுகளில் எல்லாரும் சேர்ந்து ஓடையையும் கலுங்கின் வாயையும் திறப்பது. மழைக்கு இடையே பச்சை இலை கொட்டும்போது, முறை வைத்துக் கலுங்கைப் பார்ப்பது. புரட்டாசியில், துலாவர்ஷத்துக்கு முன், மறுபடியும் ஒருமுறை. சருகை ஒரு காலி மனையில் கம்பிவலை கட்டிக் குவிப்பது. வேண்டியவர் தென்னைக்கு எடுத்துக்கொள்வது. பிளாஸ்டிக்கைப் பொறுக்கிக் கழுவி ஹரித கர்ம சேனையிடம் கொடுப்பது.

இதோடு கிராம சபையிலும் மனுக் கொடுத்தோம். கேரளத்தில் வார்டுதோறும் கிராம சபை உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டும் என்பது சட்டம். அலுவலகத்தில் தனியாகக் கேட்டபோது கிடைக்காத விடை, ஊரார் முன்னிலையில் எழுத்தில் கேட்டபோது கிடைத்தது. உடைந்த ஓரத்தைக் கட்டித் தந்தார்கள். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இன்னும் எளிது. அங்குக் கிராம சபை கூடும் நாள்களில் மே 1, அக்டோபர் 2 ஆகிய இரண்டும் உண்டு. ஒன்று ஒரு மழைக்கு முன். மற்றொன்று அடுத்த மழைக்கு முன். மனு எழுத இதனினும் நல்ல நாள் வேண்டுமா?

எல்லாம் வெற்றி என்று சொல்லமாட்டேன். அடுத்த இடவப்பாதியில் நீர் தெருவின்மேல் ஏறவில்லை. ஆனால் அவ்வாண்டு ஐப்பசியில் யாரோ இரவோடிரவாக ஒரு சாக்கு மூட்டையை ஓடையில் தள்ளிவிட்டுப் போக, கலுங்கு மறுபடியும் அடைந்தது. மீண்டும் திறந்தோம். இந்த வேலைக்கு முடிவு என்பது இல்லை. ஆண்டுதோறும் இலை விழும், ஆண்டுதோறும் மழை வரும். சாலையைப் போடுவது ஒரு நாள் விழா. மாலையும் பேச்சும் அதற்கு உண்டு. சாலையைக் காப்பது நாள்தோறும் செய்யும் வேலை. அதற்கு வாரியலும் மண்வெட்டியும் போதும். முன்னதைச் செய்பவர் பெயரைக் கல்லில் வெட்டுகிறோம். பின்னதைச் செய்பவரைப் பொழுதுபோகாதவர் என்கிறோம்.

நண்பர்களே! நம் பல்கலைக்கழக வளாகத்திலும் மரங்கள் நிறைய உண்டு. விடுதிக்குப் பின்னால் உள்ள வடிகால் எங்கே போய் முடிகிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வரும் மே மாதத்து ஞாயிறு ஒன்றில் நம் மன்றத்தின் சார்பில் அதைப் போய்ப் பார்ப்போம். வாரியல் நான் கொண்டுவருகிறேன். மண்வெட்டிக்கு ஒருவர் பொறுப்பேற்கட்டும்.

பாட்டி இப்போதும் திண்ணையில்தான் இருக்கிறாள். தெரு முனைவரை நடக்க இயலவில்லை. ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் என் படிப்பைப்பற்றி அவள் கேட்பதில்லை. கலுங்கு திறந்திருப்பதை எனக்குச் சொல்லுகிறாள்.